நாலு ஓநாயும் பதிமூன்று கண் பாலமும்: எஸ்ஆர்டி 5.2-இன் சண்டைக் கணக்கு எப்படி?

பிரானூர் பார்டரில் ஒரு மர அறுவை மில்லில் கணக்கு எழுதுகிறேன். 1956 நவம்பர் வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தது. அந்த எல்லை போய் ஏறக்குறைய எழுபது வருஷம் ஆகியும் பஸ்ஸில் இன்றும் "பார்டர் எறங்கு" என்றுதான் குரல் வரும். ஞாயிற்றுக்கிழமை மில் ஓடாது. அன்று மதியம் எங்கள் வீட்டு மாடியில், மில்லிலிருந்து கொண்டுவந்த ஒரு பெரிய பலகையைச் சுற்றி ஐந்து பேர் உட்காருவோம். மச்சினன், அக்கா மகள், அவள் தம்பி, புனலூரிலிருந்து ரயிலேறி வரும் நண்பர் ஒருவர், அப்புறம் நான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1974-இல் அமெரிக்காவில் வந்த விளையாட்டு இது. ஒருவர் கதையும் உலகமும் சொல்வார், அவரை டிஎம் என்போம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வார்கள். பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். எங்கள் மேசையில் நான்தான் டிஎம். மச்சினன் போர்வீரன், அக்கா மகள் மந்திரக்காரி, அவள் தம்பி திருடன், புனலூர்க்காரர் குணமாக்கும் பூசாரி.

டிஎம் வேலையில் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது சண்டை அமைப்பதுதான். நாலு பேருக்கு எதிரே எத்தனை மிருகம் நிறுத்தலாம்? கொஞ்சம் கூடினால் எல்லோரும் செத்தார்கள், கொஞ்சம் குறைந்தால் கொட்டாவி. இதற்கு ஒரு கணக்கு எஸ்ஆர்டி 5.2 என்ற இலவச விதித் தொகுப்பில் இருக்கிறது. விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனமே 2025 ஏப்ரலில் வெளியிட்டது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்திருப்பதால், மூலம் இன்னது என்று குறிப்பிட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் எடுத்து, மாற்றி, மொழிபெயர்த்துக்கொள்ளலாம். 360 பக்கத்துக்கு மேல் இருக்கிறது. படமும் இல்லை, வரைபடமும் இல்லை. சண்டை அமைப்பது பற்றிய பகுதி அதில் சில பக்கம்தான். அதோடு எங்களுக்கு வேண்டிய மிருகங்களையும் சேர்த்துப் பதினாறு பக்கம் செங்கோட்டையில் ஜெராக்ஸ் போட்டேன். அந்தப் பதினாறு பக்கத்தை நம்பிப் பல ஞாயிறு ஆடியபிறகுதான் இதை எழுதுகிறேன்.

கணக்கு எளிது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அதன் லெவலைப் பொறுத்து ஒரு எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) ஒதுக்கீடு உண்டு. முதல் லெவலில் ஆளுக்கு 50 என்றால் லேசான சண்டை, 75 நடுத்தரம், 100 கடினம். மூன்றாம் லெவலில் அதுவே 150, 225, 400. எத்தனை பேரோ அத்தனையால் பெருக்கினால் அன்றைய கைக்காசு. ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு விலை இருக்கிறது, ஓநாய்க்கு 50, ஓகர் என்கிற தடியடி அரக்கனுக்கு 450. சந்தைக்குப் போனதுபோல, கைக்காசு தீரும்வரை மிருகம் வாங்கலாம். அவ்வளவுதான்.

2014 பதிப்பின் டிஎம் புத்தகம் புனலூர் நண்பரிடம் இருக்கிறது. அதில் இதே கணக்கு இன்னும் ஒரு படி ஏறும். மிருகங்களின் விலையைக் கூட்டியபிறகு எண்ணிக்கையைப் பார்த்துப் பெருக்க வேண்டும்: இரண்டு என்றால் ஒன்றரை மடங்கு, மூன்றிலிருந்து ஆறு வரை இரண்டு மடங்கு, ஏழிலிருந்து பத்து வரை இரண்டரை மடங்கு. கூட்டம் கூடினால் அடியும் கூடும் என்பதற்காக வைத்தது. புதிய கணக்கில் அந்தப் பெருக்கலே கிடையாது. வேலைக்குப் போகிறவனுக்கு இது பெரிய நிம்மதி. சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கால் மணி நேரத்தில் மறுநாள் சண்டையை முடித்துவிடலாம். மில்லில் நாள் முழுக்கக் கன அடி பெருக்கிவிட்டு வீட்டுக்கு வந்தும் பெருக்குவதென்றால் முடியாது.

ஆனால் அந்தப் பெருக்கலை எடுத்ததில்தான் எங்கள் முதல் ஞாயிறு அடிபட்டது. அதை விவரமாகச் சொல்ல வேண்டும்.

முதல் லெவல் பாத்திரங்கள் நாலு. லேசான சண்டைக்கு ஒதுக்கீடு 200. நாலு ஓநாய் வாங்கினேன், சரியாக 200. ஒன்றிரண்டு முறை பயம் வரலாம், ஆனால் ஆள் சேதமில்லாமல் ஜெயிக்கலாம் என்பதுதான் லேசான சண்டைக்கு அந்தப் பக்கம் சொல்லும் அர்த்தம். நம்பினேன். இடத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை, 'காட்டுக்குள் ஒரு வெட்டவெளி' என்று மட்டும் சொன்னேன். பலகையில் மரமில்லை, பாறையில்லை. தேக்குத் துண்டில் செதுக்கிய நாலு ஓநாயும் நாலு ஆளும் மட்டும்.

ஓநாய்க்கு ஒரு குணம் உண்டு. கடிபடுகிறவனுக்குப் பக்கத்தில், ஐந்து அடிக்குள், இன்னொரு ஓநாய் நின்றால் பகடையை இரண்டு தடவை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளும். மச்சினனின் போர்வீரனுக்குக் கவச எண் 16, அதாவது அவன்மேல் அடி பட அவ்வளவாவது வர வேண்டும். ஓநாய்க்குக் கூட்டல் 4 உண்டு, ஆகையால் பகடையில் 12 விழ வேண்டும். ஒற்றை உருட்டலில் அது நூற்றுக்கு 45. இரண்டு உருட்டலில் ஏறக்குறைய 70. கவச எண் 12 உள்ள மந்திரக்காரிக்கு 65 என்பது 88 ஆகிவிடும். கடி பட்டால் ஆள் கீழே விழுவான். விழுந்தவனைக் கிட்டே நிற்கும் எந்த மிருகமும் இரட்டை உருட்டலில் கடிக்கலாம்.

இரண்டு ஓநாய் திருடன்மேல் பாய்ந்தன. அவனுக்கு உயிர்ப்புள்ளி 9, ஒரு கடி சராசரி 5. இரண்டே கடியில் பையன் தரையில். அவன் இன்னும் ஒரு தடவைகூடப் பகடையைத் தொடவில்லை. அடுத்த சுற்றில் மந்திரக்காரி. பூசாரிக்கு முதல் லெவலில் இரண்டு தடவைதான் மந்திரம் சொல்ல முடியும். இரண்டும் ஆளுக்கொன்றாகத் தீர்ந்தது. கடைசியில் போர்வீரன் ஒருவனாக நின்று, மூன்று உயிர்ப்புள்ளி மீதி வைத்துக் கடைசி ஓநாயைக் கொன்றான். யாரும் சாகவில்லை. ஆனால் அக்கா மகன் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகிவிட்டது. ஒரு வாரமாகத் தன் திருடனுக்குப் பேரும் ஊரும் கதையும் எழுதிக்கொண்டு வந்தவன் அவன்.

புனலூர் நண்பர் பழைய புத்தகத்தைத் திறந்து காட்டினார். நாலு ஓநாய் 200, நாலு என்பதால் இரண்டு மடங்கு, 400. முதல் லெவல் நாலு பேருக்கு உயிருக்கே ஆபத்தான சண்டை என்று அந்தப் புத்தகம் குறிக்கும் எல்லையும் 400-தான். "சாரே, இங்க மேல்தட்டு, அங்க கீழ்த்தட்டு" என்றார். ஒரே நாலு ஓநாய். புதிய கணக்கில் மிகவும் லேசு, பழைய கணக்கில் மிகவும் ஆபத்து.

சரி, புதிய கணக்கு தவறு என்று எழுதிவிடலாமா என்று யோசித்தேன். அவசரப்பட வேண்டாமென்று அடுத்த ஞாயிறு ஒரு சோதனை செய்தோம். அதே நாலு பாத்திரம், முழு உயிரோடு. அதே நாலு ஓநாய். இந்தத் தடவை ஆரியங்காவு மலைமேல் பாழடைந்த ஒரு எஸ்டேட் பங்களா என்று வைத்தேன். மழை, இருட்டு, மூன்று பக்கமும் சுவர், ஒரு வாசல். வாசல் ஒரு கட்ட அகலம், அதாவது ஐந்து அடி.

மச்சினன் வாசலுக்கு உட்பக்கம் நேராகப் போய் நின்றுகொண்டான். வாசலில் ஒரு ஓநாய்தான் நிற்க முடியும். அதன் பின்னால் நிற்கும் இரண்டாவது ஓநாய் மச்சினனிடமிருந்து பத்து அடி தள்ளி. ஐந்து அடிக்குள் கூட்டாளி இல்லை, ஆகவே இரட்டை உருட்டல் இல்லை. 70 மறுபடி 45-க்கு இறங்கியது. மந்திரக்காரியும் திருடனும் ஜன்னல் வழியாக ஒவ்வொன்றாகத் தீர்த்தார்கள். நடுவில் ஒரு கடியில் மச்சினன் விழுந்தான், ஒரு சுற்று எல்லோருக்கும் நெஞ்சு அடைத்தது, அப்புறம் எழுந்தான். பூசாரி ஒரு மந்திரம்கூடச் செலவழிக்கவில்லை. 'ஒன்றிரண்டு முறை பயம், ஆள் சேதமில்லை' என்பது வார்த்தைக்கு வார்த்தை நடந்தது.

விலையில் ஒரு எக்ஸ்பிகூட மாறவில்லை. மாறியது ஒரு வாசல்.

மில்லில் இதைத் தினமும் பார்க்கிறேன். இரண்டு தடி, ஒரே சுற்றளவு, ஒரே நீளம், கன அடியும் ஒன்று. ரசீதில் இரண்டும் ஒரே எண். அறுக்கும்போது ஒன்று உள்ளே முழுக்க வைரம், இன்னொன்று பாதி வெள்ளை, நடுவில் கணு. கன அடிக் கணக்குத் தவறென்று யாரும் சொல்வதில்லை, அது இல்லாமல் வியாபாரமே நடக்காது. ஆனால் தடியைப் புரட்டிப் பார்க்காமல் எவனும் வாங்கமாட்டான். எஸ்ஆர்டியின் சண்டைக் கணக்கும் எனக்கு அப்படித்தான். எத்தனை மிருகம் என்பதை அது நன்றாகவே சொல்கிறது. எங்கே நிற்கின்றன, எதற்காக நிற்கின்றன, எப்போது ஓடும் என்பதை நாம்தான் புரட்டிப் பார்க்க வேண்டும்.

அந்தப் பகுதியில் எச்சரிக்கையே இல்லை என்று சொல்லமாட்டேன். அட்டவணைக்குக் கீழே சில குறிப்புகள் இருக்கின்றன, அத்தனையும் பிரயோஜனம். மிருகங்கள் அதிகமானால் அதிர்ஷ்டம் அவற்றின் பக்கம் திரும்பும்போது நினைத்ததைவிடப் பலமாக அடி விழும் என்கிறது. அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டு அந்த வரியைத் தாண்டிப்போனது என் தப்பு. பாத்திரங்களின் லெவலைவிட மிருகத்தின் தரம் (அதன் பலத்தைக் காட்டும் எண்) மேலே இருந்தால் ஒரே அடியில் ஒருவரைச் சாய்த்துவிடும் என்கிறது. ஒரு சண்டையில் இரண்டு மூன்று வகைக்கு மேல் மிருகம் வைத்தால் திணறிப்போவோம் என்கிறது. நான் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன். மூன்று வகை வைத்த ஒரு நாள் எது எதைச் செய்யும் என்று தாள் புரட்டியே சாயங்காலம் போய்விட்டது. ஆள் குறைந்தால் மிருகத்தைக் குறை என்பதும் கைகொடுத்தது. ஒரு ஞாயிறு நண்பருக்கு ரயில் தவறிவிட்டது. அப்போது மூன்றாம் லெவல், நடுத்தரச் சண்டைக்கு 900 போட்டு வைத்திருந்தேன். அவர் பங்கு 225, அதற்குக் கிட்டத்தட்டச் சரியாக நாலு ஓநாயை எடுத்துப் பெட்டியில் போட்டேன். மேசையைச் சுற்றி எல்லோரும் காத்திருக்கும்போது ஐந்து நிமிஷத்தில் இதைச் செய்ய முடிவது எவ்வளவு பெரிய வசதி என்று டிஎம்மாக இருப்பவர்களுக்குத் தெரியும்.

எனக்குக் குறையாகப் படுவது வேறு. இடம் பற்றிய விதிகள் இந்தத் தொகுப்பிலேயே இருக்கின்றன, ஆனால் இந்தப் பக்கங்களில் இல்லை. சுவருக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றால் கவச எண்ணுக்கு 2 கூடும், முக்கால்வாசி மறைந்தால் 5 கூடும் என்பது ஆட்ட விதிகளில் எங்கோ இருக்கிறது. பத்து அடிக்கு ஒரு ஆறுமுகப் பகடை வீதம் விழுந்த காயம் என்பது விதி அகராதியில் இருக்கிறது. சேறும் புதரும் நடையைப் பாதியாக்குவது இன்னொரு இடம். சண்டை அமைக்க உட்காரும் புது ஆளுக்கு இவையெல்லாம் எக்ஸ்பி அட்டவணைக்குப் பக்கத்தில் வேண்டும். நான் அந்த மூன்றையும் தமிழில் எழுதி, அட்டவணைக்கு அடியில் ஒட்டி, லேமினேட் போட்டுவிட்டேன். உரிமம் அனுமதிப்பதால் அந்தத் தாளைத் தென்காசியில் இன்னொரு குழுவுக்கும் கொடுத்தேன்.

ஒரு நாளைக்கு எத்தனை சண்டை என்பதற்கும் பதில் இல்லை. பழைய புத்தகம், ஓய்வெடுக்குமுன் நடுத்தரமோ கடினமோ ஆறிலிருந்து எட்டுச் சண்டையைத் தாங்கலாம் என்று ஒரு எண்ணாவது சொல்லும். அத்தனை சண்டையை எந்த மேசையும் ஒரு மதியத்தில் முடிக்காது, அது வேறு விஷயம். எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கு இரண்டுதான். இரண்டே என்று தெரிந்தால் மந்திரக்காரி எல்லாவற்றையும் முதல் சண்டையிலேயே கொட்டிவிடுவாள். அதைச் சமாளிக்க ஒரு வரி எழுதியிருக்கலாம்.

இனி அந்தப் பாலம். இந்தத் தொகுப்பைப் பற்றி என் மதிப்பு உயர்ந்தது அங்கேதான்.

புனலூர்க்காரர் எங்கள் ஊருக்கு வரும் பாதை 1904-இல் போட்டது. மீட்டர் பாதையை அகலமாக்கி முழுப் பாதையும் திறந்தது 2018-இல். ஆரியங்காவுக்கும் தென்மலைக்கும் நடுவே கழுத்துருட்டியில் அந்தப் பாதை கல்தூண்களில் ஏறி நிற்கிறது. ரோட்டில் போகிற யாரும் ஒரு தடவை எட்டிப் பார்க்காமல் போகமாட்டார்கள். பதிமூன்று கண் பாலம். அதைப் பலகைமேல் வரைந்தேன். ஒரு கண்ணுக்கு இரண்டு கட்டம், மொத்தம் இருபத்தாறு கட்டம் நீளம். மூன்று கட்டம் அகலம். கீழே முப்பது அடி ஆழம் என்று நானாக வைத்துக்கொண்டேன். தண்டவாளம் இல்லை, முட்டளவு கைப்பிடிச் சுவர் மட்டும்.

மூன்றாம் லெவல், நாலு பேர். வாங்கியது ஒரு ஓகர், 450. வில்லோடு ஆறு கொள்ளைக்காரர்கள், ஆளுக்கு 25, ஆக 150. மொத்தம் 600. நாலு பேருக்கு 150 வீதம் லேசான சண்டையின் எல்லை மிகச் சரியாக அதுதான். வேலை: மிளகு மூட்டை ஏற்றிய ஒரு மாட்டுவண்டியை மறுகரை சேர்ப்பது. வண்டி சுற்றுக்கு நாலு கட்டம் நகரும், அதனால் ஏழு சுற்று. ஓகர் பாலத்தின் நடுவில் இரண்டு கட்டத்தை அடைத்து நிற்கிறான், ஒரு கட்டம்தான் வழி. வில்லாளிகள் மலைச்சரிவில் மரத்துக்குப் பின்னால், கவச எண்ணில் 2 கூடுதலோடு. அவர்களுக்கு வேண்டியது மிளகு. யார் உயிரும் வேண்டாம். ஓகர் விழுந்தால் ஓடிவிடுவார்கள். இதை ஆட்டக்காரர்களிடம் சொல்லவில்லை, என் தாளில் எழுதி வைத்திருந்தேன்.

முதல் சுற்றிலேயே மேசை எழுந்து நின்றுவிட்டது. வண்டியோடு போகவா, முன்னால் போய் ஓகரைத் தடுக்கவா, மரத்துக்குப் பின்னால் இருப்பவர்களை எட்டுவது எப்படி? மச்சினனும் நண்பரும் வண்டியின் இரண்டு பக்கமும் கேடயம் பிடித்தார்கள். திருடன் கைப்பிடிச் சுவருக்கு மறுபுறம் தொங்கிக்கொண்டே கட்டம் கட்டமாக நகர்ந்தான். மூன்றாம் சுற்றில் வண்டி ஓகரை நெருங்கியது. மந்திரக்காரிக்கு உயிர்ப்புள்ளி 11 மீதி. ஓகரின் தடியடி சராசரி 13.

"மாமா, அந்த ஒத்தக் கட்டத்துல நான் போயி நிக்கேன்" என்றாள் அக்கா மகள்.

"நின்னா அவன் அடிப்பான் பாத்துக்கோ."

"எனக்கு முதல்ல முறை வருதுல்லா? தண்டர்வேவ் சொல்லுதேன்."

தண்டர்வேவ் இடிபோல் வெடித்து, தாங்க முடியாதவர்களைப் பத்து அடி தள்ளும் மந்திரம். இரண்டு கட்டம். ஓகர் நின்றது பாலத்தின் ஓரத்து இரண்டு கட்டம். அவன் தப்பிக்க மொத்தம் 13 வர வேண்டும், அவனுக்குக் கூட்டல் 3 உண்டு. ஆகவே பகடையில் 10. எல்லோருக்கும் முன்னால் உருட்டினேன். 6.

இரண்டு கட்டம் தள்ளினால் அவன் காலுக்கடியில் பாலமே இல்லை. தேக்கு ஓகரைப் பலகையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தேன். அந்த மந்திரம் கட்டாத பொருளையும் தள்ளும் என்பது விதி. வண்டியின் முன்பக்கம் கட்டாமல் வைத்திருந்த ஒரு மிளகு மூட்டையும் கூடவே கீழே போனது. "அய்யோ, மிளகே!" என்று புனலூர்க்காரர் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். வீட்டில் என்னவோ ஏதோ என்று மனைவி மேலே ஏறி வந்துவிட்டாள்.

அந்த வருஷத்தில் நான் நடத்திய சண்டைகளில் எல்லோரும் இன்றுவரை பேசுவது இதைத்தான். கணக்குப்படி மிகவும் லேசான சண்டை. கடினத்துக்கான 1600 முழுவதையும் செலவழித்து நான் வைத்த ஒரு சண்டை இருக்கிறது, வெறும் மைதானத்தில். அதைப் பற்றி யாருக்கும் ஞாபகமே இல்லை. அதற்கப்புறம் நான் லேசான சண்டைக்கான எண்ணை எடுத்துக்கொண்டு மீதியை இடத்தால் நிரப்புகிறேன். பாத்திரங்கள் ஐந்தாம் லெவல் வந்துவிட்டார்கள், இன்னும் இந்த முறை ஏமாற்றவில்லை.

ஆகவே வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: இது இலவசம், எடுத்துக்கொள்ளுங்கள். முழுதாக அச்சுப்போட வேண்டாம். சண்டைப் பகுதி, நீங்கள் பயன்படுத்தும் மிருகங்கள், மறைவு, விழுதல், கரடுமுரடான தரை, இவை போதும். முதல் லெவலில் மட்டும் ஆளைவிட மிருகம் கூட வேண்டாம், கூட்டமாகக் கடிக்கும் மிருகமென்றால் ஆளுக்குப் பாதி. மூன்றாம் லெவலிலிருந்து அட்டவணையை நம்பலாம். பிரபலமான சில அரக்கர்களை நிறுவனம் தனக்கென்று வைத்துக்கொண்டதால் இதில் கிடையாது. எங்களுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை, யானையும் புலியும் இதில் இருக்கின்றன, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆட வேறென்ன வேண்டும்?

அக்கா மகன் இப்போது தன் வகுப்புப் பையன்களுக்கு டிஎம்மாக ஆரம்பித்திருக்கிறான். லேமினேட் தாளை அவனிடம் கொடுத்துவிட்டேன். நேற்று ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தான்.

"மாமா, தெப்பக்குளத்துல சண்ட வைக்கேன். ஒரு படிக்கு எத்தன அடி வைக்கணும்?"

"என்ன மிருகம் வாங்கியிருக்க?"

"அத இன்னும் பாக்கல மாமா. மொதல்ல படி."